பிறகு என்னும் பிற்போக்கு

இன்று எமது குடாநாட்டின் மேடைகளிலும் வாசிகசாலைகளிலும் ஒரு சொல் மிகுந்த செல்வாக்குடன் உலவி வருகின்றது. ‘பிறகு’ என்பதே அச்சொல். ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும், இருபாலாரையும் நேசிக்கும் இயல்புடையோரும் இம்மண்ணிலே அச்சமின்றி வாழ உரித்துடையவர்களா என்ற வினாவை எவரேனும் எழுப்பினால், தேசியவாதி சொல்கிறார்: “முதலில் இனத்தின் விடுதலை, இவையெல்லாம் பிறகு.” எமது தோழர்களிற் சிலரும் சொல்கிறார்கள்: “முதலில் வர்க்கப் போராட்டம், இது அடையாள அரசியல், பிறகு பார்ப்போம்.” காணி, மொழி, பொருளாதாரம் என்று எதனை எடுத்தாலும் கீரியும் பாம்புமாக நிற்கும் இவ்விரு சாராரும் இந்த ஒரு விடயத்திலே ஒரே பாயில் அமர்ந்து ஒரே தட்டத்தில் வெற்றிலை போடுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன என்று ஆராய்வது எமது கடமையாகின்றது.

யாழ்ப்பாணம் இச்சொல்லை முதன்முறையாகக் கேட்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்நகரை நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டபோதும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கேட்டு நின்றபோதும், தமிழரைப் பிளவுபடுத்தாதீர் என்ற உபதேசம் மாரிமழையாகப் பொழிந்தது. தேநீர்க்கடையிலே தனிக்குவளையில் குடித்தவனிடம், இனம் ஒன்றுபட்டபின் குவளையைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அவன் காத்திருக்கவில்லை. காத்திருந்தானாயின் அந்தக் குவளை இன்றும் அவன் கையிலேயே இருந்திருக்கும்.

இலக்கியத்திலும் இதே கதைதான். டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் வாழ்வையும் பேச்சையும் சிறுகதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர் சிலர் அதனை ‘இழிசனர் இலக்கியம்’ என்று இகழ்ந்தனர். எவருடைய வாழ்வு எழுத்துக்கு உரியது, எவருடைய வாழ்வு மறைவிற்கு உரியது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் தமக்கே உண்டென அவர்கள் கருதினர். அந்தத் தீர்ப்பை உடைத்தெறிந்து வளர்ந்ததே முற்போக்கு இலக்கியம். அதன் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் சிலர் இன்று பண்டிதரின் நாற்காலியில் அமர்ந்து, “இதையெல்லாம் எழுத வேண்டுமா?” என்று முகஞ்சுளிக்கிறார்கள்.

எதிர்ப்போர் முதலில் நீட்டும் வாதம், இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான நோய் என்பது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 ஆம் நாள் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே நோய் என்ற பேச்சை விடுவோம். இறக்குமதியைப் பார்ப்போம். இந்நாட்டிலே தன்பாற் காதலைக் குற்றமாக்கியிருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும், பின்னர் அதனோடு ஒட்டப்பட்ட 365அ பிரிவும். அக்கோவை 1883 இல் பிரித்தானிய ஆட்சியாளர் இயற்றியது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு முன்மாதிரி. இயற்கைக்கு மாறானது எது என்று எமக்குக் கற்பித்தவர் விக்ரோரியா மகாராணியாரின் சட்ட வரைஞர்கள். அவர்தம் நாட்டிலே 1967 தொடக்கம் அச்சட்டம் படிப்படியாகக் களையப்பட்டுவிட்டது. எசமான் வீசியெறிந்த பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுவே எமது பாட்டன் உடுத்த பட்டு என்று மார்தட்டுவதைவிட நகைப்புக்கிடமானது வேறென்ன இருக்கிறது?

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை எமது மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. ஆங்கிலேய சோசலிசவாதியான எட்வேர்ட் கார்ப்பென்ரர், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் கால நண்பர். அருணாசலத்தின் அழைப்பின்பேரில் 1890 இல் அவர் இலங்கைக்கு வந்தார். அருணாசலத்தின் மூலம் இராமசுவாமி என்னும் தமிழ் ஞானியைச் சந்தித்து அவரிடம் பாடங் கேட்டார். 1892 இல் வெளியிட்ட பயண நூலிலே அதனை விரிவாக எழுதினார். இதே கார்ப்பென்ரர் ஷெஃபீல்டுக்கு அண்மையிலுள்ள சிற்றூரிலே ஜோர்ஜ் மெரில் என்னும் தொழிலாளி வர்க்க மனிதரோடு ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒளிவுமறைவின்றி இல்வாழ்வு நடத்தியவர். தன்பாற் காதல் மனித இயல்பின் ஒரு வகை என்று 1908 இலேயே நூல் வெளியிட்டவர். அதன்பின்னும் அருணாசலத்தின் நட்பு அறுந்துபோகவில்லை. அவருக்கு அருணாசலம் எழுதிய கடிதங்கள் 1927 இல் நூலுருப் பெற்றன. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும், 1919 இலேயே இந்நாட்டுத் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் அமைத்தவருமான ஒரு தமிழ்ப் பெரியாருக்கு இந்நட்பால் எந்த இழுக்கும் நேரவில்லை. அவரது படத்தை மண்டபங்களில் மாட்டிவைத்திருப்போருக்குத்தான் இன்று ‘பண்பாடு’ நடுங்குகின்றது.

எமது பக்கத்திலும் ஒரு பலவீனத்தைச் சுட்டவேண்டும. கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டி, சங்க காலத்திலேயே இது இருந்தது என்று நிறுவ முயல்வது எமக்கு உடன்பாடன்று. நட்பை நட்பாகவே விட்டுவிடுவோம். ஈராயிரம் ஆண்டுச் சான்றிதழ் இருந்தாற்றான் ஒருவன் மனிதனாக வாழலாம் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், தாழ்த்தப்பட்டவனும் தன் உரிமைக்கு ஏட்டுச்சுவடி தேடி அலையவேண்டிவரும்.

இனி, சுதந்திர இலங்கை இச்சட்டத்தை என்ன செய்தது என்று காண்போம். 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதுவரை 365அ பிரிவு ஆண்களையே குறித்திருந்தது. திருத்தத்தின்போது ‘ஆண்’ என்ற சொல் நீக்கப்பட்டு, பெண்களும் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டனர். காணியிலும் கூலியிலும் பெண்ணுக்குக் கிட்டாத சமத்துவம் சிறைக்கூடத்தில் கிட்டியது! 1999 இல் ‘தி ஐலண்ட்’ நாளேட்டிலே வாசகர் கடிதமொன்று வெளிவந்தது. கொழும்பிலே தன்பாலீர்ப்புப் பெண்கள் கூட்டவிருந்த மாநாட்டை எதிர்த்த அக்கடிதம், பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை அப்பெண்கள் நடுவே அவிழ்த்துவிடவேண்டும் என்று எழுதியது. அதனை அச்சேற்றியமைக்கு எதிராக ஷேர்மன் டி றோஸ் என்பவர் பத்திரிகைப் பேரவையில் முறையிட்டார். 2000 ஆம் ஆண்டில் பேரவை தீர்ப்பளித்தது. பெண்களின் தன்பாற் காதல் சட்டப்படி குற்றம் என்றும், ஆகவே முறைப்பாடு நிற்காது என்றும் கூறி, பத்திரிகைக்குச் செலவுத்தொகையாக 2,100 ரூபாவை முறைப்பாட்டாளரே செலுத்தவேண்டும் எனப் பணித்தது. வல்லுறவுக்கு அழைப்பு விடுத்த எழுத்துக்குத் தண்டனையில்லை. அதனைக் கண்டித்தவருக்குத் தண்டம்!

இச்சட்டத்தின்கீழ் எவரும் சிறை செல்வதில்லையே, பிறகெதற்கு ஆரவாரம் என்று கேட்போர் இத்தீர்ப்பைச் சற்று நின்று நோக்கவேண்டும். சிறைக்கதவைத் திறக்காமலேயே இச்சட்டம் தன் வேலையைச் செய்கின்றது. கையூட்டுக் கேட்கும் காவலர், மிரட்டிப் பணம் பறிப்பவன், வீட்டை விட்டுத் துரத்தும் குடிசொந்தக்காரர், வேலையிலிருந்து நிறுத்தும் முதலாளி ஆகிய எல்லோர் கையிலும் அது ஒரு பிரம்பு. 2016 நவம்பர் 30 இல் உயர் நீதிமன்றம், உடன்பாட்டோடு நடந்துகொண்ட வயதுவந்த இருவரைச் சிறையிடுதல் பொருத்தமற்றது என்றுரைத்துத் தண்டனையை ஒத்திவைத்தது; ஆனால் குற்றவாளிகள் என்ற முடிவு நிலைத்தது. பிரம்பு முறியவில்லை, உயர்த்திய கை சற்றே தாழ்ந்தது, அவ்வளவே.

சட்டத்துக்கு அடுத்தபடியாக ஊடகம். எமது செய்தித்தாள்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆணும் பெண்ணும் காதலித்தால் அது ‘காதல்’. இரு பெண்கள் காதலித்தால் அது ‘சேர்க்கை’. ஒரு மனித உறவு முழுவதையும் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுச் சாவித்துவாரத்தால் எட்டிப்பார்க்கும் சொல் இது. 2022 இல் கிழக்கு மாகாணத்திலே ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களை நீதிமன்றம் உளநலப் பரிசோதனைக்கு அனுப்பியபோது, அவர்களின் துயரம் தமிழ்க் காணொளிகளுக்கு வேடிக்கைப் பொருளாயிற்று. ‘விபரீதம்’, ‘விசித்திரம்’ என்ற தலைப்புகள் போட்டிபோட்டன. கடலுக்கு அப்பால் சென்னை உயர்நீதிமன்றத்திலே நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 தொடக்கம் விடுத்த கட்டளைகளின் பயனாக, தமிழ்நாட்டு அரசு 2022 ஓகஸ்டில் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர், திருநர் முதலிய சொற்கள் அதிலே அரச ஏற்புப் பெற்றன. செய்தியாளருக்குச் சொல் இல்லை என்ற சாட்டு அன்றோடு ஒழிந்தது. மனம்தான் இல்லை.

திரைப்படம் இதனினும் பெரிய ஆசான். அச்சுவேலிச் சந்தையில் செய்தித்தாள் வாங்காதவனும் படம் பார்க்கிறான். தமிழ்த் திரையிலே தன்பாலீர்ப்பாளன் நெடுங்காலம் இரண்டு வேடங்களில் மட்டுமே தோன்றினான்: ஒன்று கோமாளி, மற்றது கொலைகாரன். 2006 இல் வெளிவந்த ‘வேட்டையாடு விளையாடு’ படத்தின் கொடூரர் இருவரை நினைவுகூர்ந்தாற் போதும். அவர்களது நெருக்கமே அவர்களது கொடூரத்துக்குச் சாட்சியமாக வைக்கப்பட்டது. அதனைக் கிண்டல் செய்த கதாநாயகனுக்குக் கொட்டகை கைதட்டியது. அந்தக் கொட்டகையின் இருளிலே தன்னைத்தானே அடையாளங்கண்டு ஒடுங்கிப்போன பதினாறு வயதுப் பையன்கள் எத்தனை பேர்? 2022 இல் இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ வந்தது. 2025 பெப்ரவரியில் ‘காதல் என்பது பொதுவுடைமை’ என்ற பெயரிலேயே, ஒரு பெண்ணை நேசிக்கும் மகளையும் அவளது தாயையும் பற்றிய படம் வந்தது. பொதுவுடைமை என்ற சொல்லை வணிகத் திரையுலகம் எடுத்தாளத் துணிந்த விடயத்தில், அச்சொல்லுக்கு உரிமை கொண்டாடும் எமது அமைப்புகள் வாய்மூடியிருப்பது எவ்வளவு வெட்கக்கேடு!

எமது மக்களின் கதையோடு நேரே தொடர்புடையது ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’. 1983 ஆம் ஆண்டு இன அழிப்பு வன்செயலை நோக்கி நகரும் கொழும்பிலே, தன் இயல்பை உணரத் தொடங்கும் ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை அது. 1994 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2020 இல் தீபா மேத்தா அதனைப் படமாக்கியபோது, ரொறன்ரோவிலும் பிற நகரங்களிலும் தமிழர் கொதித்தெழுந்தனர். முக்கிய பாத்திரங்கள் பல தமிழரல்லாதோருக்குக் கொடுக்கப்பட்டன என்பதும், ஈழத்தமிழ் பேச்சு சிதைக்கப்பட்டது என்பதும் குற்றச்சாட்டு. அந்தச் சினம் நியாயமானதே என்று நாம் ஐயமின்றிக் கூறுவோம். மொழிக்காகக் கொல்லப்பட்ட மக்களின் கதையை அம்மொழி அறியாத வாயால் சொல்லவைப்பது கலையாகாது. கனடா அப்படத்தை ஒஸ்கார் அயல்மொழிப் பிரிவுக்கு அனுப்பியபோது, ஆங்கிலம் மிகுதி என்று அது தள்ளப்பட்டது தக்க தண்டனையே.

ஆனால் அக்கொதிப்பிலே கலந்திருந்த ஒரு கள்ளத்தனத்தையும் மறைப்பதற்கில்லை. உச்சரிப்பைப் பற்றி நாட்கணக்கில் முழங்கிய பலர், அச்சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழன் தமிழனாகத் திரையில் தோன்றவேண்டும் என்றனர்; தன்பாலீர்ப்புத் தமிழன் தன் ஊரிலே தோன்றலாமா என்று கேட்டால் ‘பிறகு’ என்றனர். அடையாள அரசியல் என்று பிறரைச் சாடுவோர் செய்யும் அடையாள அரசியல் இதுவே. இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்கதை ஏன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, ஏன் அயலார் கையால் படமாக்கப்பட்டது என்று வருந்துவோர், எமது சஞ்சிகைகளும் நாடக மேடைகளும் அத்தகைய கதைக்கு எத்தனை அங்குல இடம் ஒதுக்கின என்பதையும் கணக்கிடவேண்டும்.

கொழும்பையும் ரொறன்ரோவையும் விட்டு அச்சுவேலிக்கு வருவோம். இங்கேதான் வினாவின் வேர் புதைந்திருக்கிறது. செம்மண் தோட்டத்திலே வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் மணஞ்செய்யமாட்டேன் என்கிறான். ஏன் என்று சொல்ல அவனால் இயலாது. வீட்டிலே எழும் ஓலத்துக்கு அறநெறியோ சமயமோ மூலமன்று. மூத்தவனுக்கு வரும் ‘டொனேசன்’ காசிலேதான் இளையவளின் சீதனம் தங்கியிருக்கிறது. அல்லது மாற்றுச் சம்பந்தம் பேசப்பட்டிருக்கிறது: இவன் அந்த வீட்டுப் பெண்ணை எடுத்தால்தான் அந்த வீட்டுப் பையன் இவன் தங்கையை எடுப்பான். இவன் விலகினால் இரண்டு கலியாணம் குழம்பும், காணி உறுதி எழுதுவது நிற்கும், தரகர் படியேறமாட்டார், சாதியிலே பேச்சு அடிபடும். ஆகவே அவன் தாலி கட்டுகிறான். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வு அவனோடு சேர்ந்து கருகுகிறது. மகளாயின் மறுக்கும் வாய்ப்பே இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிழற்படம் போய்விடும்.

யாழ்ப்பாணத்துக் கலியாணம் சொத்துக் கைமாற்றத்தின் சடங்கு. சாதியைக் காப்பதும் அதுவே, காணியைக் காப்பதும் அதுவே. அந்தச் சங்கிலியிலே பூட்ட மறுக்கும் கண்ணி எதுவாயினும், அது தாழ்த்தப்பட்டவனை நேசித்த வெள்ளாளப் பெண்ணாயினும் பெண்ணை நேசித்த பெண்ணாயினும், அதனை நசுக்காமல் விடாது. குடும்பத்துக்கும் தனிச்சொத்துக்குமுள்ள உறவை 1884 இல் எங்கெல்ஸ் விளக்கினார். அதே நூலில் கிரேக்கரின் தன்பாற் காதலை அவர் இகழ்ந்தும் எழுதினார் என்பது மெய்; ஆசானின் கருவியை எடுத்துக்கொண்டு அவர்தம் காலத்தின் தப்பெண்ணத்தை விட்டுவிடுவதே மாணவனுக்கு அழகு. அக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது வர்க்கப் பிரச்சினை அன்று என்று சொல்லும் தோழரை எப்படி மன்னிப்பது?

வசதியுள்ளவனுக்கு வழியுண்டு. அவன் கொழும்பிலே அறை எடுப்பான். பின் கனடாவுக்குப் பறப்பான். தோட்டக் கூலியின் மகனுக்கும், கைத்தொழிற்பேட்டையில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் பேருந்துக் காசே பாரம். அவர்கள் போகுமிடம் இல்லை. ஆகவேதான், வானவில் கொடியை நட்சத்திர விடுதிகளில் ஏற்றி, ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதி, தலையெண்ணிக் காசு பெறும் முயற்சிகளோடும் எமக்கு உடன்பாடில்லை. 2025 இல் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தன்பாலீர்ப்புச் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் உள்ளிட்ட சமயத் தலைவர்கள் எதிர்த்தனர். டொலரோடு வரும் வெள்ளைக்காரனுக்குச் செங்கம்பளம், உள்ளூர்ப் பையனுக்கு 365 ஆம் பிரிவு! இந்த முரண்பாட்டைக் கர்தினாலும் காணவில்லை, அதிகார சபையும் காணவில்லை. இவற்றோடு ஒப்பிட்டால், ஏளனத்துக்கு அஞ்சாமல் அண்மை ஆண்டுகளில் யாழ்நகர வீதியிலே தமிழில் பதாகை ஏந்தி நடந்தவர்களின் துணிவு எவ்வளவோ மேலானது. அவர்களோடு நடந்த தொழிற்சங்கம் எது என்று நாம் கேட்கிறோம்.

எமது முகாமின் வரலாற்றையும் ஒளிக்காமற் சொல்லுவோம். ஒக்டோபர்ப் புரட்சி ஜாரின் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. 1922 ஆம் ஆண்டின் சோவியத் ருஷ்யக் குற்றவியற் கோவையில் தன்பாற் காதல் குற்றமாக இருக்கவில்லை. 1934 இல் ஸ்டாலினின் ஆட்சி அதனை மீண்டும் குற்றமாக்கியது. மொஸ்கோவிலே பத்திரிகையாளராகப் பணிபுரிந்த ஹரி வைற் என்ற ஸ்கொட்லாந்துக் கம்யூனிஸ்ட், தன்பாலீர்ப்பாளன் ஒருவன் கட்சி உறுப்பினனாக இருக்கத் தகுதியற்றவனா என்று ஸ்டாலினுக்கே நீண்ட கடிதம் எழுதினார். அதன்மேல் அவரை மூடரென்றும் சீரழிந்தவரென்றும் குறித்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார் ஸ்டாலின். நாம் ‘தாய்’ நாவலுக்காகப் போற்றும் கோர்க்கியும் அதே ஆண்டிலே, இவர்களை ஒழித்தால் பாசிசம் ஒழியும் என்ற பொருள்பட எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே மனிதர்களின் சட்டையிலே இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்து வதைமுகாமில் அடைத்தது பாசிசமே.

கியூபாவும் 1960களில் தன்பாலீர்ப்பாளரைக் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பியது. ஆனால் 2010 இல் பிடல் காஸ்ட்ரோ அந்த அநீதிக்குத் தாமே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 செப்டெம்பரில் கியூப மக்கள் வாக்களித்து, தன்பாலினத் திருமணத்தை ஏற்கும் புதிய குடும்பச் சட்டத்தை நிறைவேற்றினர்.

இது தொழிலாளரைப் பிளவுபடுத்தும் என்பார்க்கு வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரே விடையளித்துள்ளனர். 1984–85 வேலைநிறுத்தத்தின்போது இலண்டனிலே தன்பாலீர்ப்பாளர் சிலர், இளங்கம்யூனிஸ்டான மார்க் அஷ்டனோடு சேர்ந்து, வாளியேந்திக் காசு திரட்டி அப்பட்டினிக் குடும்பங்களுக்கு அனுப்பினர். 1985 இல் சுரங்கத் தொழிலாளர் தம் சங்கக் கொடியோடு இலண்டன் தன்பாலீர்ப்பாளர் ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தனர். அதே ஆண்டுத் தொழிற்கட்சி மாநாட்டிலே அவர்கள் உரிமைக்கான தீர்மானம் நிறைவேறச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குப் பலம் உதவியது. பட்டினி கிடந்த தொழிலாளி ‘பிறகு’ என்று சொல்லவில்லை. வயிறார உண்டபின் கருத்தரங்கில் அமர்வோரே அவ்வாறு சொல்கின்றனர்.

இனி இந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் நாட்டின் சனாதிபதியே மேடையேறித் தம் அரசியல் எதிரிகளை ‘வண்ணத்துப்பூச்சிகள்’ என்று ஏளனஞ் செய்தமை எம்மவர்க்கு மறந்திருக்காது. 2022 இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழு, ரொசானா பிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களின் தன்பாற் காதலைக் குற்றமாக்குவது இலங்கை ஏற்றுக்கொண்ட சமவாயத்துக்கு முரண் என்று முடிவு கூறியது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதனை நிறைவேற்றச் சாதாரண பெரும்பான்மை போதுமாயிருந்தது. நிறைவேற்றவில்லை, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு மசோதாவும் மடிந்தது.

அதன்பின் நடந்த நவம்பர்த் தேர்தலில், இடதுசாரிப் பாரம்பரியம் பேசும் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அதற்கே கிடைத்தன. ஆகவே ஆள்பலம் இல்லை என்ற சாட்டுக்கு இனி இடமில்லை. எமது வாக்கைப் பெற்றுச் சென்ற அந்த மூவரும் 365, 365அ ஆகிய பிரிவுகளைப் பற்றிச் சபையிலே என்ன பேசினர் என்று ஆசிரிய சங்கக் கிளைகள் எழுத்திலே கேட்கவேண்டும். பதில் வராவிடில் மறுபடியும் கேட்கவேண்டும்.

இச்சஞ்சிகையின் பக்கங்களும் இவ்விடயத்தில் இதுகாறும் வெறுமையாகவே இருந்துள்ளன. தன் வாழ்வைத் தானே எழுத விரும்பும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர் சிறுகதையாகவோ கவிதையாகவோ கடிதமாகவோ எழுதியனுப்பலாம். ஊர்த் தமிழிலேயே எழுதலாம். இலக்கணம் பார்த்து அஞ்சவேண்டியதில்லை. புனைபெயர் ஏற்கப்படும், பெயரும் முகவரியும் எவருக்கும் வெளிப்படுத்தப்படமாட்டா.